பத்தாயிரத்து ஒன்றாவது விளக்கு

எழுபத்தொன்றோடு நிறுத்திவிட்டேன்.

நாசி லெமாக் சோறு கட்டி வந்த பழுப்புத் தாளின் பின்பக்கத்தில்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓரமெல்லாம் சம்பால் எண்ணெய் ஊறி, பேனா வழுக்கியது. பத்தாயிரத்து ஒன்றை எழுபத்தொன்றால் வகுத்தால் நூற்று நாற்பது, மீதி அறுபத்தொன்று. சரிப்படவில்லை. எழுபத்தொன்றை அடித்தேன்.

கோயில் கொட்டகையின் தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று சத்தம் போட்டது. என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர் என் பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோயில் தலைவர் ராமையா அண்ணன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அவருக்கு ஓர் இடத்தில் நிற்க வராது. கையிலிருந்த சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

"ராஜி, ஆவுமா ஆவாதா? ஒரு வார்த்த சொல்லு லா. மழ வேற வருது."

"ஆவாதுண்ணே. இது பகா எண்ணு. எதாலயும் பிரியாது."

நான் சொன்ன அந்த வார்த்தையால் என் சிநேகிதி கலா, தான் கொண்டுவந்த ஒரே ஓர் அகல் விளக்கை மறுபடியும் செய்தித்தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். "பரவால்ல ராஜி. நீ பொய் சொல்ல மாட்ட," என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்களின் அசட்டுத்தனங்களைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். இந்த வாரம் என்னுடையது. ஆனால் ஒன்று, என் வாழ்நாளில் அப்படி ஒரு குதூகலமான சாயங்காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

என் எல்லை 9999

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் ஈப்போ புந்தோங்கில் இருப்பவள். கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் பிரிவில் காலம் முழுக்க நின்றுவிட்டு ஓய்வு பெற்றவள். கையுறையில் காற்றை ஊதி ஓட்டை தேடுவதற்குக் கண் வேண்டும், மூளை வேண்டாம். சும்மா இருந்த மூளை எண்களோடு விளையாட ஆரம்பித்துவிட்டது.

விளையாட்டு இதுதான். பஸ் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் போகிற வண்டியின் எண் பலகையைப் பார்ப்பது. அந்த எண் பகு எண்ணா, பகா எண்ணா என்று அடுத்த சிவப்பு விளக்குக்குள் கண்டுபிடிப்பது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் பகா எண். ஏழு பகா எண், பதின்மூன்று பகா எண். இதைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்பீர்கள், நான் அதை விடவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டு வண்டி எண்கள் 9999-ஐத் தாண்டுவதில்லை. அதுவரைக்கும் உள்ள எந்த எண்ணையும் சோதிக்க, நூற்றுக்குள் இருக்கும் இருபத்தைந்து பகா எண்களே போதும். இரண்டில் ஆரம்பித்துத் தொண்ணூற்றேழில் முடிகிற அந்த இருபத்தைந்தும் எனக்கு வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள்போலப் பாடம். இருபத்தைந்தாலும் வகுபடவில்லை என்றால் அது பகா எண், தீர்ந்தது விஷயம்.

சில எண்கள் போக்கிரிகள். 8633-ஐப் பாருங்கள். முகத்தைப் பார்த்தால் பகா எண்ணாகத்தான் தெரியும். ஆனால் எண்பத்தொன்பதையும் தொண்ணூற்றேழையும் பெருக்கினால் அதுதான் வரும். அந்த எண்ணோடு ஒரு மீன் லாரி எங்கள் தெருவில் ஓடியது. அதை உடைத்த அன்று சந்தோஷத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

எனக்கு எண்பைத்தியம் என்று புந்தோங்கில் பரவியதும், லாட்டரியில் நாலு நம்பர் எடுப்பவர்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். "அக்கா, ஒரு நல்ல நம்பர் சொல்லுங்க." எனக்குத் தெரிந்த நல்ல நம்பர் 9973, நாலு இலக்கப் பகா எண்களில் பெரியது. மனதாரச் சொன்னேன். அது விழவில்லை. கேட்டுப்போன ஆள் மூன்று வாரம் என்னைப் பார்த்தால் தெருவைக் கடந்து போனார்.

பிரிக்கத் தெரிந்தவள் என்று பேர், பேரோடு கொஞ்சம் திமிர். கணக்குக்குக் கைப்பேசியைத் தொட மாட்டேன். தொட்டால் என் மானம் போய்விடும் என்று நினைப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரை

பீடோருக்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்த தோட்டம் இன்றைக்கு முழுக்கச் செம்பனை. எங்கள் லயத்து வீடுகள் இல்லை. மாரியம்மன் கோயிலும் அதன் முன்னால், நாங்கள் பாடாங்கு என்று சொல்லும் பந்துத் திடலும் மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டன. ஈப்போ, தாப்பா, கிள்ளான் என்று பிரிந்து போன நானூறு குடும்பங்கள் அந்தக் கோயிலை இன்னும் விடவில்லை.

அந்த வருடம் கார்த்திகைக்கு ராமையா அண்ணன் ஒரு திட்டம் போட்டார். குடும்பத்துக்கு இருபத்தைந்து அகல், நானூறு குடும்பம், மொத்தம் பத்தாயிரம் விளக்கு. நூறு நிரை, நிரைக்கு நூறு விளக்கு.

நிரை என்றால் வரிசை. ரப்பர் மரம் நின்ற வரிசைக்கு அந்தப் பேர். பால் வெட்டுகிறவர்களுக்குக் காலையில் நிரை பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவருக்கு மரம் கூடி இன்னொருவருக்குக் குறைந்துவிட்டால் அன்றைக்கு வாய்ச்சண்டை நிச்சயம். அந்த வழக்கம் எங்கள் ஆட்களின் ரத்தத்தில் இருக்கிறது. கோயிலில் இலை போட்டாலும் நிரை சமமாக இருக்க வேண்டும், நாற்காலி போட்டாலும் சமமாக இருக்க வேண்டும். அரைகுறை நிரையை எங்கள் ஆட்கள் பார்க்கவே சகிக்க மாட்டார்கள்.

ஆக, நாலு குடும்பத்துக்கு ஒரு நிரை. கயிறு கட்டி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மதியத்துக்குள் பத்தாயிரம் அகலையும் பரப்பிவிட்டோம். நான்கு பக்கமும் நூறு நூறாகச் சதுரம். மேட்டில் நின்று பார்த்தபோது எனக்குப் பெருமூச்சு வந்தது. பத்தாயிரம் அவ்வளவு வளைந்து கொடுக்கிற எண். இருபத்தைந்து வகுஎண்கள் உண்டு. ஐம்பது நிரையாக வை, எண்பது நிரையாக வை, எதற்கும் சரி என்று வரும்.

அப்போதுதான் கலா வந்தாள்.

ஒன்று கூடியது

கலாவும் நானும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. இப்போது தாப்பாவில் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறாள். அவள் கணவர் மணியம் அண்ணன் தோட்டத்துப் பந்துக் குழுவின் கோல் கீப்பர். ஆட்டம் இருக்கிற நாளில் விடியற்காலையிலேயே போய்ச் சுண்ணாம்பு வாளியோடு கோடு போடுவதும் அவர்தான். கோடு வளைந்தால் அழித்துவிட்டு மறுபடி போடுவார்.

முந்தின வருடம் அவர் போய்விட்டார். பட்டியல் எழுதியபோது கலா வீடு இன்னும் துக்க வீடு. ராமையா அண்ணன் மரியாதைக்காகவே அவள் பேரை விட்டுவிட்டார். தலைத்திவசம் முடிந்து பத்து நாளாகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கலா யாரையும் கேட்கவில்லை. ஓர் அகலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

ராமையா அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று ஒன்று கூட்டி வைப்பதுதானே நம் வழக்கம். உடனே ஒலிபெருக்கியைப் பிடித்து, இந்த வருஷம் ஆத்தாளுக்குப் பத்தாயிரத்து ஒன்று விளக்கு என்று அறிவித்தே விட்டார். கைதட்டினார்கள். கலா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

அறிவித்த பிறகுதான் அதை எங்கே வைப்பது என்ற யோசனை வந்தது. சதுரம் நிறைந்துவிட்டது. வெளியே, ஓரமாக வைக்கலாம் என்றார் ஒருவர். எங்கள் தோட்டத்தில் பேச்சுக்கு அஞ்சாதவர் எல்லம்மா அக்கா. பால் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர் குறுக்கே வந்தார்.

"நெரைக்கு வெளிய ஒத்த வெளக்கு வைக்காதீங்கப்பா. தலமாட்டுல வைக்கிற மாதிரி இருக்கும்."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் கலா நிற்பதைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். இறந்தவர் தலைமாட்டில் எரிகிற ஒற்றை விளக்கை அந்தக் கூட்டத்தில் பார்க்காதவர்கள் யாருமில்லை. ஒரு வருடத்துக்கு முன் கலா வீட்டிலேயே பார்த்தோம்.

கோயிலுக்குள் அம்மன் முன்னால் வைக்கலாம் என்றார் ராமையா அண்ணன். கலா மறுத்துத் தலையை ஆட்டினாள். "உள்ள வைக்கிறதா இருந்தா தாப்பாவுலயே ஏத்தியிருப்பேண்ணே. அவரு நின்ன பாடாங்கு இது. எல்லாரு வெளக்கோடயும் சேந்து இந்த மண்ணுல எரியணும்."

இன்னும் தொண்ணூற்றொன்பது அகல் வாங்கினால் முழுசாக ஒரு நிரை கூட்டலாம். அதற்கும் ஆள் போனது. பீடோர் கடைகளில் ஓர் அகல்கூட மிச்சமில்லை. எல்லாம் எங்கள் ஆட்கள் வாங்கித் தீர்த்ததுதான்.

கடைசி வழி நான். பத்தாயிரத்து ஒன்றைச் சமமான நிரைகளாகப் பிரிக்க முடியுமா என்று சொல்ல வேண்டும். முடிந்தால் கலாவின் விளக்கு திடலில் எரியும். முடியாவிட்டால் திரும்பிப் போகும். நாசி லெமாக் தாளை எடுத்தேன். அப்புறம் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஐந்து மிச்சம்

கலா போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பீடோரில் உணவுக்கடை வைத்திருக்கும் ஹனீபா அண்ணன் பெரிய பாத்திரத்தில் தே தாரேக் தேநீர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். இவர் அப்பாவின் மளிகைக்கடைதான் அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்துக்கே அரிசி கொடுத்தது. எங்கள் கோயில் விசேஷத்துக்கு இவர் தே இல்லாமல் நடந்ததில்லை. ஒரு குவளையை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

குவளை சுட்டது. அடியில் வைத்துப் பிடிக்க அந்தப் பழுப்புத் தாளை மடித்தேன். மடிக்கும்போது அடித்த எண்கள் வரிசையாகக் கண்ணில் பட்டன. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஆரம்பித்துக் கடைசியில் எழுபத்தொன்று. சும்மா, பழக்கத்தில் எண்ணினேன். இருபது இருந்தன.

இருபதா?

பத்தாயிரத்து ஒன்று நூறின் வர்க்கத்தைவிட ஒன்றே ஒன்றுதான் கூட. அதைச் சோதிக்கவும் அதே இருபத்தைந்து வேண்டும். எழுபத்து மூன்று, எழுபத்தொன்பது, எண்பத்து மூன்று, எண்பத்தொன்பது, தொண்ணூற்றேழு. வீட்டுப் பிள்ளைகள் என்று சொன்னேனே, அதில் ஐந்தைத் தெருவில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ராமையா அண்ணன் சாவியைக் குலுக்கினார், மழை வருகிறது என்றார், நானும் பார்த்த முகத்தை வைத்துப் பகா எண் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இத்தனைக்கும் அந்த மீன் லாரியே எனக்குப் பாடம் சொல்லியிருந்தது.

குவளையைக் கீழே வைத்தேன். தாளை மறுபடி பிரித்தேன்.

எழுபத்து மூன்று. நூறில் ஒரு முறை போகும், மீதி இருபத்தேழு. ஒரு பூஜ்யத்தை இறக்கு. இருநூற்று எழுபதில் மூன்று முறை, இருநூற்றுப் பத்தொன்பது, மீதி ஐம்பத்தொன்று. கடைசி ஒன்றை இறக்கு. ஐந்நூற்றுப் பதினொன்று.

ஏழு எழுபத்து மூன்று எவ்வளவு? ஏழு எழுபது நானூற்றுத் தொண்ணூறு. ஏழு மூன்று இருபத்தொன்று. ஐந்நூற்றுப் பதினொன்று!

மீதி பூஜ்யம். பத்தாயிரத்து ஒன்று என்பது எழுபத்து மூன்று நிரை, நிரைக்கு நூற்று முப்பத்தேழு. அதுவும் எழுபத்தொன்றுக்கு அடுத்த பகா எண்ணிலேயே. இன்னும் அரை நிமிடம் பொறுத்திருந்தால் கலா போயிருக்க மாட்டாள்.

எழுந்த வேகத்தில் குவளையைத் தட்டிவிட்டேன். "ஹனீபாண்ணே, மோட்டார் எடுங்க!" என்று கத்தினேன். அவர் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து ஏன் என்றுகூடக் கேட்காமல் எடுத்தார்.

மோட்டாரில் போட்ட கணக்கு

தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகிற வயதும் இல்லை, உடம்பும் இல்லை. ஒரு கையில் புடவை, இன்னொரு கையில் பழுப்புத் தாள். பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போட்டது. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. மண்டைக்குள் அடுத்த கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

விளக்குகளை ஏற்கெனவே நூறு நிரையாக வைத்தாகிவிட்டது. எழுபத்து மூன்று நிரைதான் வேண்டும். அப்படியானால் இருபத்தேழு நிரையை எடுத்துவிட வேண்டும். கையில் இரண்டாயிரத்து எழுநூறு அகல் வரும். மிச்சமிருக்கிற ஒவ்வொரு நிரையிலும் நூறு இருக்கிறது, நூற்று முப்பத்தேழு வேண்டும். ஆக, எழுபத்து மூன்று நிரைக்கும் முப்பத்தேழு முப்பத்தேழு கூட்ட வேண்டும். எழுபது முப்பத்தேழு இரண்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு. மூன்று முப்பத்தேழு நூற்றுப் பதினொன்று. கூட்டினால் இரண்டாயிரத்து எழுநூற்று ஒன்று.

கையில் இருப்பது இரண்டாயிரத்து எழுநூறு. வேண்டியது இரண்டாயிரத்து எழுநூற்று ஒன்று.

"ஒன்னு கொறையுது!" என்று ஹனீபா அண்ணன் காதில் அலறினேன். எதுவோ கீழே விழுந்துவிட்டது என்று அவர் பிரேக் போட்டார். "ஒன்னும் விழுவலண்ணே, போங்க போங்க," என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பெரிய சாலை பஸ் நிறுத்தத்தில் கலா உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில் இருந்தது, இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தாள். தாப்பா பஸ் தூரத்தில் தெரிந்தது. நான் இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அஞ்சு எண்ணைப் பார்க்காமல் விட்டுவிட்டேன், நான் சொன்னது தப்பு, பிரியும்.

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படவில்லை. பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது.

"என்னால வேலயெல்லாம் கெட வேணாம் ராஜி. எல்லாம் அடுக்கி முடிச்சிட்டாங்க. ஒரு வெளக்குக்காக ஏன்?"

"ஒன் வெளக்கு இல்லன்னா ஒன்னு கொறையும் கலா. நெசமா. அந்தக் கணக்கே நிக்காது."

ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். கலா எழுந்தாள். பஸ்ஸைப் பார்த்து வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

நிரை உடைந்தது

தப்பைத் தனியாகச் சொல்வது சுலபம். ஒலிபெருக்கியில் சொல்வதற்கு வேறு தைரியம் வேண்டும். நான் சொன்னது தவறு, பத்தாயிரத்து ஒன்று பகா எண் இல்லை, எழுபத்து மூன்று நிரையாகப் பிரியும் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். ராமையா அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது. சாவிக்கொத்துக்கூட நின்றுவிட்டது.

முணுமுணுப்பு ஆரம்பித்தது. அதில் நியாயமும் இருந்தது. நாலு குடும்பத்துக்கு ஒரு நிரை என்று அவரவர் நிரையை அவரவர் ஆசையாக அடுக்கியிருந்தார்கள். சிலர் நிரைத் தலையில் கோலம்கூடப் போட்டுவிட்டார்கள். இப்போது நானூறு குடும்பத்தை எழுபத்து மூன்று நிரையில் எப்படிப் பிரிப்பது? பிரிக்கவே முடியாது. எது யார் விளக்கு என்று தெரியாமல் கலந்துவிடும். மலைப் பக்கம் வேறு மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

எல்லம்மா அக்கா எழுந்து, தன் நிரைக்குப் போனார். குனிந்து முதல் அகலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"நெரைய ஒடைச்சாத்தான் அவ வெளக்கு உள்ள வரும்னா, ஒடைங்க. எனக்கு என் வெளக்கு எதுன்னு தெரியாட்டி பரவால்ல."

அதைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் நிரைக்கு இறங்கினார்கள். திடலில் அப்படி ஒரு பரபரப்பு! இருபத்தேழு நிரையைப் பெட்டி பெட்டியாக அள்ளினார்கள். கயிற்றை இழுத்துக் கோல் கம்பம் இருக்கிற பக்கமாக நீட்டினார்கள். முப்பத்தேழு எண்ணு, முப்பத்தேழு எண்ணு என்று நான் நிரைக்கு நிரை ஓடினேன். தொண்டை கட்டிவிட்டது. நாலு சொட்டு மழை விழுந்தது. அத்தனை பேரும் ஒரு நொடி அப்படியே நின்று மேலே பார்த்தோம். காற்று திரும்பியது, மேகம் தாப்பா பக்கம் போய்விட்டது.

இடையில் ஒரு விஷயம், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்தப் பத்தாயிரத்து ஒன்றை நான் வீட்டுக்கு வந்தும் விடவில்லை. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒரே எண். அதை இரண்டு சதுரங்களாகவும் வைக்கலாம். நூறுக்கு நூறு ஒரு சதுரம், ஒன்றுக்கு ஒன்று இன்னொரு சதுரம். அதாவது எல்லம்மா அக்கா வேண்டாம் என்ற அந்த ஏற்பாடு. ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. எழுபத்தாறுக்கு எழுபத்தாறு ஒரு சதுரம், அறுபத்தைந்துக்கு அறுபத்தைந்து இன்னொன்று. 5776, 4225, கூட்டிப் பாருங்கள். இதைக் கண்டபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் நகரவில்லை.

எண்களுக்கு இன்னொரு வகைப்பாடும் உண்டு. ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற சிறிய எண்களையெல்லாம் கூட்டினால், அந்த எண்ணே வந்தால் நிறைவெண், ஆறு மாதிரி: ஒன்று, இரண்டு, மூன்று. கூடிப்போனால் மிகையெண். பத்தாயிரம் மிகையெண், கூட்டினால் பதினாலாயிரத்துக்கு மேல் போகும். பத்தாயிரத்து ஒன்றுக்கோ ஒன்று, எழுபத்து மூன்று, நூற்று முப்பத்தேழு, அவ்வளவுதான். மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. புத்தகத்தில் இதற்குப் பேர் குறைவெண். பேர் வைத்தவர்கள் எங்கள் திடலுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

நடு

ஆறு மணி வாக்கில் கடைசி நிரையின் கடைசி மூலையிலிருந்து ராமையா அண்ணன் குரல் கேட்டது.

"ஒன்னு கொறையுது லா!"

திடலே சிரித்தது. எல்லோரும் கலாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் செய்தித்தாளைப் பிரித்து விளக்கைக் கையில் எடுத்தாள். மூலையைப் பார்த்து நடந்தாள்.

அப்போதுதான் ராமையா அண்ணன் இன்னொன்றைக் கேட்டார். எங்கே ஆரம்பிப்பது? எரிகிற விளக்குகளுக்கு நடுவே புடவையும் வேட்டியுமாக நடக்கக் கூடாது. அதனால் நடுவில் ஏற்ற ஆரம்பித்துப் பின்வாங்கிப் பின்வாங்கி வெளியே வர வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். ஆனால் நூறுக்கு நூறு சதுரத்துக்கு நடு விளக்கு என்று ஒன்று கிடையாது. நடுப்புள்ளியைச் சுற்றி நாலு விளக்கு நிற்கும். அந்த நாலில் யாருடையதை முதலில் ஏற்றுவது என்று காலையிலேயே இரண்டு குடும்பங்களுக்குள் மனஸ்தாபம் வந்து, ராமையா அண்ணன் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. எழுபத்து மூன்றும் ஒற்றைப்படை. நூற்று முப்பத்தேழும் ஒற்றைப்படை.

"அண்ணே, இதுக்கு நடு இருக்கு. முப்பத்தேழாவது நெரை, அறுவத்தொம்போதாவது வெளக்கு. எந்த மூலையிலேர்ந்து எண்ணுனாலும் அதேதான். அதுக்கு முன்னால அஞ்சாயிரம், பின்னால அஞ்சாயிரம்."

எல்லம்மா அக்கா திடலுக்குள் இறங்கினார். நான் எண்ணிக் காட்டிய இடத்தில் குனிந்து, அங்கிருந்த அகலை எடுத்தார். அதைக் கொண்டுபோய்க் கடைசி மூலையில் இருந்த காலி இடத்தில் வைத்தார். நிமிர்ந்து, விளக்கோடு நின்ற கலாவைப் பார்த்தார்.

"இப்ப காலி எடம் நடுவுல இருக்கு. போ தாயி."

கலா தயங்கினாள். முதல் விளக்கைத் தானா ஏற்றுவது, புருஷன் இல்லாதவள் என்று அவள் நினைத்தது எனக்குத் தெரியும். அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லம்மா அக்கா அவள் கையைப் பிடித்து நிரைக்குள் இறக்கிவிட்டார்.

அவள் ஒவ்வோர் அகலாகத் தாண்டி, புடவையை இடுக்கிக்கொண்டு நடுவுக்குப் போனாள். விளக்கை வைத்தாள். எண்ணெய் ஊற்றித் திரியைப் போட்டாள். நிமிர்ந்து கோல் கம்பத்தை ஒரு முறை பார்த்தாள். முதல் தீக்குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. கரையில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மூன்றாவது குச்சி பிடித்துக்கொண்டது. ஐயாயிரத்து ஒன்றாவது விளக்கு எரிந்தது. மற்றப் பத்தாயிரமும் அதற்குப் பிறகுதான்.